மாவுக்குக் காய்ச்சல்

காலையில் அம்பாசமுத்திரத்தில்
அலங்காரிக்கு நாடி பார்த்தேன்.
காதுமடலின் பின்புறம், புடைத்த நரம்பில் விரல்.
நிமிஷத்துக்கு இருபத்தெட்டு.
ஒரு துடிப்பு வந்து அடுத்தது வருவதற்குள்
பாகன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டான்.

நேற்று ராமையன்பட்டி ஆய்வகத்தில் ஒரு சுண்டெலி.
அதை விரலால் எண்ண முடியாது.
கருவி சொன்னது, அறுநூற்றுச் சொச்சம்.
யானைக்கு அறுபது வருஷம், எலிக்கு இரண்டு;
ஆயுசு முழுக்கக் கூட்டிப் பார்த்தால்
இரண்டுக்கும் அறுபதிலிருந்து தொண்ணூறு கோடிக்குள்தான்.
ஒன்று சில்லறை சில்லறையாய்க் கொடுக்கிறது,
ஒன்று கட்டோடு வீசிவிட்டுப் போகிறது.

ஆற்றுப் பாலம் தாண்டும்போது போன்.
கல்லிடைக்குறிச்சி ஆவுடைநாயகம், அப்பளக் கம்பெனி.
"டாக்டர், கோவிச்சுக்கிடாதீங்க,
மாவு ரெண்டு வாரமா புளிச்சுப் போகுது."
நான் மாட்டு டாக்டர், அண்ணாச்சி.
"தெரியும். வாங்களேன்."

பன்னிரண்டு கிலோ உளுந்தில் தொடங்கியவர்.
இப்போது முந்நூற்று இருபத்து நாலு.
"இருபத்தேழு மடங்கு. உப்பு, காரம், பெருங்காயம்,
பிரண்டைச் சாறு, ஆளு, அம்புட்டும் பெருக்கியாச்சு.
ஒண்ணையும் விடலை."
எவர்சில்வர் தொட்டியில்
ஒரே உருண்டையாய்ப் படுத்திருந்தது மாவு,
ஈரத்துணி போர்த்தி.

முழங்கை வரை கைவிட்டுப் பார்த்தவள் முப்பிடாதி.
"நடுவுல காய்ச்சல் அடிக்கு."
பத்து நாள் முன்னாலேயே சொன்னாளாம்
சூப்பர்வைசரிடம். அவர் மேனேஜரிடம்.
மேனேஜர் அதைத் தாளில் எழுதி ஃபைலில் போட்டார்.
ஃபைலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தது.

பிரிக்காத தெர்மாமீட்டர் ஒன்று பையில் கிடந்தது.
விளிம்பில் முப்பத்தொன்று.
நடுவில் முப்பத்தெட்டரை,
ஒரு பசுவின் சூடு, அச்சுப் பிசகாமல்.
சினையா என்று கேட்கத்தான் பாக்கி.

மாவு இருபத்தேழு மடங்கானால்
தோல் ஒன்பது மடங்குதான் ஆகும், அண்ணாச்சி.
உள்ளே பிறக்கிற சூடு
வெளியே வர வாசல் பத்தாது.
யானைக்கு அவ்வளவு பெரிய காது எதுக்குன்னு நினைச்சீங்க?
அவர் தொட்டியைப் பார்த்தார்.
பிறகு, ஏனோ, மாடியில் ஆபீஸ் ஜன்னலை.

வண்ணார்பேட்டை வரும்போது இருட்டிவிட்டது.
வண்டியை நிறுத்தி மருந்துக் கடைக்கு நடக்கிறேன்,
கிட்டத்தட்ட ஓடுகிறேன்.
கல்லிடையில் இப்படிப் போனால்
யாருக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்பார்கள்.
இங்கே எல்லோருக்கும் அதே வேகம்,
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
பெருக்கப் பெருக்க நாடி ஏறுகிற உயிரை
என் படிப்பில் நான் பார்த்ததில்லை.
மூடிப்போன பாத்திரக் கடையின் போர்டு மேல்
மூடிப்போன கூரியர் ஆபீஸின் போர்டு,
அதன் மேல் நேற்று மாட்டியது, சீரியல் பல்போடு.
கம்பெனி செத்ததற்கு
ஊர் ஒரு நாள் லீவு விட்டதாகத் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு மறுபடி போன்.
"பன்னெண்டு பன்னெண்டு கிலோவா பிரிச்சு
தள்ளித் தள்ளி வச்சாச்சு.
முப்பிடாதிதான் நின்னு வச்சா."
நல்லது.
"ஆபீஸை எப்படிப் பிரிக்க, டாக்டர்?"

மாட்டு டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
முப்பிடாதி மாடிக்கு வந்திருக்காளா, அண்ணாச்சி?
"மாடிக்கா? எதுக்கு? அவ கீழதானே..."
அதற்குப் பிறகு லைனில் ஒன்றும் கேட்கவில்லை,
இரண்டு மூன்று
யானைத் துடிப்பு நேரம்.