முழங்காலுக்குக் கீழே

அறிவியல்நகரில் மின்சாரம் போன மத்தியானம்.
இருபத்தைந்து பாகையில் இருக்கவேண்டிய ஈக்களை
றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ்கட்டியோடு அடுக்கிவிட்டு
ஒரு குப்பியை மட்டும் வெளியில் வைத்தேன்,
பேராதனையிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த வர்க்கம்.
ரவையும் பனங்கட்டியும் ஈஸ்ட்டும் புளித்த வாசம்.

ஈதரில் மயங்கிய ஒன்றைத் தூரிகை நுனியால் புரட்டி
நுணுக்குக்காட்டியை யன்னலோரம் இழுத்தேன்.
சிவந்த கண்கள். அவற்றின் நடுவே
உணர்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு கால்கள்.
பிழையான கால்கள் இல்லை.
தொடை, மூட்டு, மயிர், நுனியில் நகம்கூட.
இடம்தான் பிழை.

போத்தல் கழுவ வந்த குகேந்திரன் குனிந்து பார்த்தான்.
கனநேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.
"எனக்கு வரவேண்டின பார்சல்.
விலாசம் மாறி இவருக்குப் போயிட்டுது."
இடது காலால் நிலத்தில் தட்டினான்.
பிளாஸ்டிக் சத்தம்.

அந்தப் பரம்பரையலகுக்குக் கால் செய்யத் தெரியாது என்றேன்.
அது ஒரு கந்தோர்.
இந்தத் துண்டு மார்பு, இங்கே கால் என்று
கையெழுத்து வைக்கும், அவ்வளவுதான்.
மண் சுமப்பதும் கல் அடுக்குவதும் வேறு ஆட்கள்.
மார்புக்கு எழுதின கடிதம் தலைக்குப் போனாலும்
ஏனென்று கேட்கமாட்டார்கள்.
கட்டிவிடுவார்கள்.

நிறமூர்த்தத்தில் அவை இருக்கிற ஒழுங்கும்
உடம்பின் ஒழுங்கும் ஒன்றுதான்:
முன்னது தலைக்கு, பின்னது வாலுக்கு;
ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று
கொண்டக்டர் மாற்றிக் கூப்பிடமுடியாத வரிசை.
எலியிலும் அப்படித்தான். எங்களிலும்.

"வளர்ந்து முடிஞ்சாப் பிறகு
அதுகள் எல்லாம் நித்திரையோ?"

இல்லை.
வளர்ந்தவரின் தோலில் ஒரு கலத்தைக் கிள்ளி
கண்ணாடித் தட்டில் தனியே வளர்த்தாலும்
தான் எந்த இடத்துத் தோல் என்பதை
அது இலேசில் விடுவதில்லை.

அவன் தொட்டிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தான்.
நாலு போத்தல் கழுவியிருப்பான்.
திரும்பாமலே கேட்டான்:
"அப்ப என்ர துண்டின்ர நுனி?"

முழங்காலுக்குக் கீழே, என்றேன்.
இப்பவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

பைப்பைப் பூட்டினான்.
மின்சாரம் வந்து விசிறி சுற்றத் தொடங்கியது.
வெள்ளைத் தாளில் அந்த ஈ மயக்கம் தெளிந்து
ஆறு காலால் நடந்தது,
மற்ற இரண்டையும்
எதிலும் ஊன்றாமல்.