யாரிடமிருந்து யாருக்கு

கறுப்புச் சட்டை. நகப்பூச்சு கூடாது.
மோதிரம் பைக்குள்.
கை தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது.
எடின்பரோவில் குழு அறை எண் இரண்டு,
ஜன்னலில் மழை.
இருபது நிமிடம் நான், இருபது நிமிடம் எய்லி.
காது கேளாதவர் என்று இன்று ஒரே ஒருவர்தான்:
மூன்றாம் வரிசையில், நீல ஸ்வெட்டரில்.
அவருக்காகத்தான் இந்தக் கைகள்.

பெயரிலேயே தகராறு.
ஒருவருக்கு அது உதவி.
ஒருவருக்குக் கொலை.
சட்டத்துறைக்காரருக்கு ஏற்பாடு.
எல்லாவற்றையும் காற்றில் எழுதி
எழுதிய கையோடு அழிக்கிறேன்.

டூகல் மக்ரே வந்தார், வந்தார் என்றால்
தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
உல்லாபூல் படகில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் பார்த்தவர்.
நரம்பு நோய் கழுத்துவரை ஏறிவிட்டது.
கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வைத்ததை
ஒரு பெட்டி வாசித்தது:
“சாவுக்குப் பயமில்லை. சளிக்குத்தான் பயம்.
இரவு மூன்று மணிச் சளிக்கு.
எஞ்சினை எப்போது நிறுத்துவதென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
கரை தெரிகிறது. விடுங்கள்.”

அடுத்து எஃபி ஸ்ட்ராக்கன்.
மூச்சுக்குழாய், சக்கர நாற்காலி, சிவப்புக் காலணி.
“எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் நின்று ஆறு மாதம்.
ஒன்பது கடிதம் போட்டேன்.
ஒன்பதுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது.’
சாகிறேன் என்று எழுதினால் மட்டும்
பதினான்கே நாளில் பதில் வருமா?”
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பையும் நான் கையால் சொல்ல வேண்டும். சொன்னேன்.

இருவருக்கும் ‘நான்’ என்றது
என் நெஞ்சில் குத்திய ஒரே விரல்.
நான் போகிறேன், மறிக்காதீர்கள்.
நான் இருக்கிறேன், தள்ளாதீர்கள்.
அதே எலும்பு, அதே இடம்.
மதியத்துக்குள் அங்கே லேசாக வலித்தது.

பிறகு சட்டத்துறைக்காரர் பிரிவு ஏழை வாசித்தார்:
“தகுதியுள்ளவருக்கு அப்பொருள் வழங்கப்படும்.”
படும், படும் என்றே முடிகிறது பக்கம் முழுக்க.
யார் படுவது, யாரால் படுவது,
வாய்மொழி அதை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு
தொடர்ந்து பேசிவிடும்.
கைமொழியில் அந்த வசதி இல்லை.
‘கொடு’ ஓர் உடலில் கிளம்பி
இன்னோர் உடலில் போய்ச் சேர வேண்டும்.
என் கை பாதியில் நின்றது.

“மன்னிக்கவும், மொழிபெயர்ப்பாளரின் கேள்வி:
யாரிடமிருந்து யாருக்கு?”

தாள்கள் புரண்டன.
குழுத்தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.
கடைசி நாற்காலியிலிருந்து மருத்துவர் மியூரியல் பேர்ட்,
புற்றுநோய் விடுதியில் வலி தணிப்பவர்,
“என்னிடமிருந்து” என்றார்.
தன் முன்னிருந்த தண்ணீர்க் குவளையை
மேஜைமேல் ஒரு சாண் நகர்த்தினார்.
“இதுவரை நான்.
எடுத்துக் குடிப்பது அவர்.
கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேன். அவ்வளவுதான் சட்டம்.”

அவ்வளவுதான் சட்டம்.
டூகலின் கைகள் மடியில் கிடந்தன,
வேறு யாரோ மறந்துவிட்டுப்போன
கையுறைகள் மாதிரி.
பெட்டி நெடுநேரம் பேசவில்லை.
அவர் கண்மட்டும் எழுத்து எழுத்தாக நகர்ந்தது.
“எனக்கு எட்டாது.”

எஃபி தன் சக்கரத்தை அவர் பக்கம் திருப்பினாள்.
சமாதானம் இல்லை அது. பார்க்கத் திருப்பினாள்.
அவள் சொல்ல வாயெடுத்ததற்குள்
நேரம் முடிந்தது என்றார்கள்.

தாழ்வாரத்தில் தேநீர்.
நீல ஸ்வெட்டர்க்காரர் நேரே வந்து நின்றார்.
காலையிலிருந்து என்னையே பார்த்திருந்த ஒரே மனிதர்.
விரல் நீட்டிக் கேட்டார்: நீ?
எல்லாருடையதையும் பார்த்தாயிற்று.
உன்னுடையது?

என் இரண்டு கையிலும் கோப்பை,
ஒன்று எனக்கு, ஒன்று எய்லிக்கு.
அவர் காத்திருந்தார்.
சுடச்சுட இருந்த இரண்டில்
ஒன்றைக் கீழே வைக்க
இடம் தேடினேன்.