ஜாடியின் வாய்

மே மாதம், இரவு பதினொன்றரை.
ஜன்னலில் இன்னும் வெயில்.
எங்கள் வடகரையில் கோடை வந்தால்
பிள்ளைகளைத் தூங்கவைக்கக்
கம்பளியை ஆணியடித்துத் திரையாக்க வேண்டும்.
அன்று நான் அடிக்கவில்லை.

நூற்று நாற்பது ஆடுகளில்
தொண்ணூறு ஈன்றிருந்தன.
நான்கு நாள் பூட்ஸ் கழற்றாமல் கிடந்த கெட்டில்
மாலையில் காய்ச்சலோடு சுருண்டுவிட்டான்.
பாலத்தின் மேலே ஆறு போய்க்கொண்டிருந்தது.
அக்கரையிலிருந்து மருத்துவர்
போனில் சொன்னார்:
கையை விட்டுப் பாருங்கள்.

விட்டேன்.
பதினோரு வருஷம் மீன் தொழிற்சாலையில்
காட் அறுத்த கை.
கணுக்கணுவாய் முடிச்சு.
மோராவுக்கோ தலையீற்று.
விரல்முட்டியைத் தாண்டவில்லை.
அவள் கத்தவுமில்லை, பல்லை நறநறத்தாள்.
வலிக்கும்போது ஆடுகள் அப்படித்தான்,
ஓநாய்க்குக் கேட்டுவிடுமென்று,
ஓநாயே இல்லாத இந்தத் தீவில்.

தீவனத் தொட்டியின் விளிம்பில் ஆல்ஃப்ரூன்.
ஏழு வயது.
ருபார்ப் ஜாம் ஜாடிக்குள் கைவிட்டு
அடியில் ஒட்டியதை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்,
மணிக்கட்டு வரை உள்ளே.

நான் ஜாடியைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
கேட்டிருக்கக் கூடாது.
கேட்டேன்.

நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டேன்,
பள்ளியில் போட்டோ எடுக்கும் நாள் போல.
கண்ணை மூடிக்கோ என்றேன்.
மூடினா எப்படிப் பாக்கிறது?
விரலால.

சூடா இருக்கு.
வழுக்குது.
அப்புறம் ஒரு சின்ன மூச்சு இழுப்பு:
அம்மா, விரலைச் சப்புது.
இன்னும் பிறக்கவே இல்ல,
அதுக்குள்ள பசி.

கால் எத்தனை? ஒண்ணுதான்.
இன்னொண்ணு பின்னால மடங்கியிருக்கும், முட்டியைத் தேடு,
குளம்பை உள்ளங்கைக்குள்ள மூடிக்கோ, கிழிச்சிடாம,
இப்ப உன் பக்கமா.
இறுக்குது அம்மா, கை நசுங்குது, அம்மா.

விடாதே என்றேனா,
விட்டுவிடு என்றேனா,
இன்றுவரை நினைவில்லை.

வந்தது.
கறுப்பு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை.
மோரா நக்கத் தொடங்குவதற்குள்
யாரும் சொல்லாமலே
கை மறுபடி உள்ளே போய்
இரண்டாவதை இழுத்து வைக்கோலில் போட்டது.
அதன் வாயில் விரலை வைத்தாள்.
காத்திருந்தாள்.
இது ஏன் சப்பலை?

ரெய்க்யவிக்கில் இருக்கும் என் அக்கா
பண்ணையில் எப்படிப் பிள்ளை வளர்க்கிறாய் என்பாள்.
நல்ல காற்று, கறந்த பால், பொறுப்பு என்று
அவளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.
அன்று அது உதவவில்லை.
சாக்கை எடுத்து மூடினேன், அவ்வளவுதான்.

ஜாடியில் மிச்சமிருந்தது.
கை கழுவிக்கொண்டு வந்து
தின்று முடித்தாள்.

காய்ச்சல் இறங்கியதும் கெட்டில்
ஈற்றுக் கணக்கு நோட்டில் எழுதினான்:
மோரா. இரண்டு. உயிர் ஒன்று.
கை: ஆல்ஃப்ரூன்.

மறு வருஷம் மே.
நான் கேட்கும் முன்பே
அவளாக அதே ஜாடியை இறக்கினாள்.
கட்டைவிரல் முட்டி
வாயில் தடுத்தது.
சோப்புத் தடவித் திருகினாள்.
போன வருஷம் செத்த குட்டிக்கு அழாதவள்
இதற்கு அழுதாள்.

மேசைக்கு அடியில் ஹ்லினூர், ஐந்து வயது,
இரண்டு கைகளையும்
அக்குளில் ஒளித்துக்கொண்டு.

ஜாடியை வாங்கி
அதில் ஆணிகளைக் கொட்டினேன்.
எட்டு மணிக்கே கம்பளியை அடித்தேன்,
நாலு மூலையும், நடுவில் இரண்டும்.

கொட்டிலுக்குப் போக பூட்ஸ் மாட்டும்போது
சுவருக்கு அந்தப் பக்கம்
தம்பி கேட்டான்:
உள்ளே இருட்டா இருக்குமா?

நேரமாயிற்று பதில் வர.

தெரியாது.
நான் கண்ணை மூடியிருந்தேன்.