லிஃப்டில் பதினோரு நிமிடம்

வேளச்சேரி. நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
கரண்ட் போனது.
நான், 5-பி ரெஜினா மேடம்,
தோளில் கேனோடு தண்ணீர் போடும் துரைக்கண்ணு.
ஆறு வருஷமாக நாங்கள் பேசியதெல்லாம்
"மேலேயா? கீழேயா?"

மௌனம் எனக்கு ஆகாது. ஆரம்பித்தேன்:
ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ்
அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, தெரியுமோ?
எம்டன் குண்டு போட்டதும் கப்பலிலிருந்துதான்.
கச்சேரி வயலின்கூடக் கடல் தாண்டியதே.
தை மாசம் பெசன்ட் நகரில் முட்டையிட வரும் ஆமைக்கு
டிக்கெட்டே கிடையாது.

மேடம் செல்போன் வெளிச்சத்தை
என் முகத்திலிருந்து நகர்த்தினார்.

துரைக்கண்ணுதான் கேட்டான்:
"வர்றதுக்குள்ள எவ்ளோ சார் கரைஞ்சிருக்கும்?"

தெரியவில்லை.
லிஃப்ட் ஓடாத நாளில்
இருபது லிட்டரோடு படியேறுபவனுக்குத்தான்
அந்தக் கேள்வி வரும்.

பேச்சை மாற்றினேன்:
கச்சேரியில் வாசிக்கிற கடமும் பானைதான்.
கேனை இறக்கி இரண்டு தட்டுத் தட்டினான்.
தொம். தொம்.
"நெறஞ்சது பேசாது சார்.
மேடம் வூட்ல காலி கேன் இருக்கும்,
அதுல காட்றேன்."

விசிறி சுழன்றது.
ஐந்தாவது மாடி.
கதவு திறக்கும்போது மேடம் சொன்னார்,
"காலி கேன் இல்லப்பா.
கற்பூரவல்லி வச்சிருக்கேன்."