ஈக்கள் நலம்

இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
வெளியே யானைமலை படுத்திருப்பது
வரும்போது பார்த்ததால் தெரியும்.
மேலே அவர்கள் உறங்குவது
கரியமில வாயுவின் கோடு தணிந்ததால் தெரியும்.

ஆய்வுக்கூடம் எங்கள் பொறுப்பு.
பள்ளிப் பேருந்து அளவில் ஓர் உருளை,
ஒன்றரை மணிக்கொரு தரம் பூமியைச் சுற்றுவது.
அதன் விளக்கு, விசிறி, தண்ணீர்க் குழாய்,
கதவு சரியாகச் சாத்தாத குளிர்பெட்டி
எல்லாம் இலந்தைக்குளத்தில்
இந்த மேசையிலிருந்து.
நான் அங்கே போனதில்லை.
ஆனால் இருட்டில் விட்டாலும்
நாலாவது அடுக்கின் பின்னால் கை விட்டு
அந்த ஒற்றை மஞ்சள் வயரைத் தொட்டுவிடுவேன்.

இந்த வாரம் விருந்தாளிகள் பழ ஈக்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
பெட்டிக்குள் இருபத்தைந்து டிகிரி,
பிசைந்த வாழைப்பழம், பன்னிரண்டு மணி நேரப் பகல்.
மேல் எது கீழ் எது என்று தெரியாமலே
நடக்கப் பழகிவிட்டன என்கிறது அறிக்கை.

இரண்டு நாற்பத்தொன்று.
இருபத்தைந்து புள்ளி ஆறு.
புள்ளி ஒன்பது.
அலாரம் அடிக்குமுன் என் முதுகு நிமிர்ந்தது.
முதல் பம்பு சுற்றுகிறேன் என்கிறது.
நீரோட்டம் இல்லை என்கிறது பக்கத்து எண்.
இரண்டில் ஒன்று பொய்.

ஞானதீபம் அண்ணன் ஹெட்செட்டைத் தள்ளிவிட்டு
"எழுப்புவமா?" என்றார்.
"வேணாம்ணே. ரெண்டாவதுக்கு மாத்திப் பாக்குறேன்."
எட்டு வரிக் கட்டளை.
அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன், நான் வாசிக்க அவர்.
அனுப்பிய கையோடு
தொடர்பு போனது.

ஒரு செயற்கைக்கோள் கை விட்டு
அடுத்தது கை பிடிக்கும் இடைவெளி,
ஆறு நிமிடம் பத்து நொடி.
அட்டவணையில் இருந்ததுதான்.
அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தது நான்தான்.

திரையில் எண்கள் சாம்பல் பூத்து
கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தன.
இருபத்தாறு புள்ளி இரண்டு.
இருபத்தாறு புள்ளி இரண்டு.
அண்ணன் டீக் கப்பை மடித்தார்,
இன்னும் மடித்தார்,
இனி மடியாது என்றானதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
எனக்கு வீட்டுக்காரம்மா ஞாபகம் வந்தது.
ஒத்தக்கடையில் கீழ்வீடு அவர், மாடி நான்.
தண்ணி மோட்டார் சுவிட்ச் அவர் அடுப்படிக்குள்.
நானூறு கிலோமீட்டர் உயரத்தில் வால்வு திறக்கிறவள்
பல் விளக்கப் பதினெட்டுப் படி இறங்கி
"அக்கா, மோட்டார்" என்று நிற்கிறேன் தினமும்.
"போடுறேன் போ" என்பார்.
போட்டாரா என்று இன்னொரு தரம் போய் நிற்க முடியாது.

எண்களுக்கு நிறம் திரும்பியது.
இருபத்தாறு புள்ளி நான்கு.
நீரோட்டம் உண்டு.
யாரும் கை தட்டவில்லை.
புள்ளி ஒன்று வந்த பிறகுதான்
அண்ணன் எழுந்து பாத்ரூம் போனார்.
மேலே ஒருவரும் புரண்டு படுத்ததாகத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஷர்மிளா பானு வந்தாள்.
குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்:
முதல் பம்பு ஓய்வில். இரண்டாவது ஓடுகிறது.
ஈக்கள் நலம்.
"எல்லாமா?" என்றாள்.
"எண்ணிப் பாத்துச் சொல்லு."

ஒத்தக்கடையில் இறங்கி அரை டஜன் நாட்டுப்பழம் கேட்டேன்.
தார் மேல் கணக்கில்லாத ஈ.
கடைக்காரர் செய்தித்தாளை ஓங்கினார்.
எழுந்தன, உட்கார்ந்தன,
மேல் எது கீழ் எது என்ற சந்தேகமே இல்லாமல்.

படியேறுமுன் "அக்கா, மோட்டார்."
மாடியில் படுத்து, கண்ணை மூடிக் காத்திருந்தேன்.
மூன்று வருடமாய் அந்த முதல் பம்பைப் பார்த்துக்கொள்கிறேன்,
அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாது.
இது தெரியும்:
முதலில் ஒரு செருமல்,
பிறகு உறுமல்,
பிறகு சுவருக்குள் ஏறி வரும் தண்ணீர்.