எண்பது வீதம்

கோணேசபுரியில் மின்சாரம் இல்லை.
மடிக்கணினியில் மிச்சம் முப்பத்தொரு நிமிடம்.
அதற்குள் பதினைந்து வாரங்களைக்
கட்டி முடிக்கவேண்டும் நான்.

முதல் வாரம் அறிமுகம்.
இரண்டாம் வாரம் இடை, இடையம், ஆகாரம்.
விடியலில் வெறுவயிற்றோடு பஸ் ஏறிய பிள்ளைகள்
ஆண்டுதோறும் சிரிக்கும் இடம் அது.
"ஆகாரம் எப்ப மிஸ்?"
நான்காம் வாரம் நியம விலகல்.
ஏழு, எட்டு நிகழ்தகவு.
பத்தாம் வாரத்தில் விரல் நின்றுவிட்டது.

பத்தாம் வாரம் கார்த்திகை.
இறக்கக்கண்டியில் வெள்ளம் பாதைக்கு ஏறும்,
குச்சவெளியிலிருந்து வரும் பஸ்
வந்த வழியே திரும்பும்.
'மழை' என்று அடித்தேன்.
அழித்துவிட்டு
'மீட்டல்' என்று எழுதினேன்.

கடைசிப் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது:
எண்பது வீதத்துக்குக் குறைந்த வரவுடையோர்
பரீட்சைக்குத் தோற்ற அனுமதிக்கப்படார்.
கோப்பிலிருந்து கோப்புக்கு
ஒட்டி ஒட்டி வந்த வாக்கியம்.
முதலில் எழுதியவர் இப்போது
ஸ்காபரோவில் வீடு விற்கிறாராம்.
பீடச்சபையில் ஒருமுறை கேட்டுப்பார்த்தேன்.
தேநீர் வந்தது.
அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

போன வருடம்
கஜானனியின் பெயருக்கு எதிரே
றிஸ்மியாவின் ஊதாப் பேனை.
எழும்பச் சொல்லிக் கேட்டேன்.
"அவ பஸ்ஸில வாறா மிஸ்.
வந்துகொண்டிருக்கிறவ
வந்த மாதிரித்தானே?"
இல்லை என்றேன். சிவப்பால் வெட்டினேன்.
எட்டு இருபத்தேழுக்கு
வார் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
வாசலில் நின்றாள் கஜானனி.
உள்ளே வா என்பதா
வெட்டியதை மறுபடி எழுதுவதா
தெரியாமல்
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு லோஜிதன்.
சல்லிக் கரையில் கரைவலை இழுத்துவிட்டு
உப்பு காயாத சேட்டோடு வருவான்.
அவன் கையெழுத்து இட்ட இடத்தில் ஒருநாள்
சிறு செதில் ஒன்று ஒட்டிக்கிடந்தது.
நகத்தால் சுரண்டினேன், தாளும் உரிந்தது.
முப்பது விரிவுரையில் இருபத்துமூன்று.
எழுபத்தாறு தசம் ஏழு.
மேலே உருட்டினாலும்
எழுபத்தேழுக்கு மேல் ஏறாத எண்.
அனுமதி மறுப்புக் கடிதத்தில் இருந்தது
என் கையெழுத்துத்தான்.
அது மட்டும் மிகத் தெளிவாய் விழுந்திருந்தது.

இந்த வருடப் பட்டியலில் மறுபடியும் அவன் பெயர்,
பக்கத்தில் அடைப்புக்குள் 'மீள்'.

வாக்கியத்தைத் தொட எனக்கு அதிகாரமில்லை.
அதன் மேலே, சின்ன எழுத்தில்,
'நேரம்: காலை 8.00' என்றிருந்தது.
அதைத் தொடலாமா என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.
எட்டு நாற்பது ஆக்கினேன்.

மண்டபம் பார்க்கும் சிவானந்தன்
தொலைபேசியில் கத்தினார்:
"ஒன்பதரைக்கு வணிகப்பிரிவு வந்து நிக்கும்.
ஒரு நிமிசம் கூடத் தரமாட்டன்."
சரி, ஐம்பது நிமிடம்.
என் முன்னுரைகளை வெட்டினேன்,
பழைய பகிடிகளை வெட்டினேன்,
என் பல்கலைக்கழகக் காலத்தில்
பாதை பூட்டியிருந்தபோதும் நடந்தே வந்தோம் என்ற
அந்த நீண்ட கதையை
(உண்மையில் நான் பாதி நாள் போகவில்லை)
முழுதாக வெட்டினேன்.
ஆகாரத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

நான்கு வீதம், என்றது கணினி,
சிவப்பாக.
அவசரமாய் வரவுத்தாளைத் திறந்து
ஒரு நிரல் கூட்டினேன்: வந்த நேரம்.
இதுவரை நாங்கள் கேட்டதெல்லாம்
வந்தாயா, இல்லையா.

இதையும் ஊதாப் பேனையால்
ஒருத்தி நிரப்புவாள்,
எல்லாருக்கும் எட்டு முப்பத்தொன்பது என்று.
தெரியும்.
திரை அணைவதற்குள்
சேமி என்பதை அழுத்தினேன்.