முப்பதாம் வில்லை

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது பெட்டி.
அநுராதபுரச் சந்தியில் டிக்கியைத் திறந்து
யாரோ ஒருவரின் பலாப்பழத்துக்குக் கீழிருந்து
கொண்டக்டர் இழுத்துத் தந்தார்.
ஆறு போத்தல். ஒன்று கசிந்திருந்தது.
பலாப்பழத்தின் முள்ளில் ஓர் ஊதாக் கோடு;
அதற்குரியவர் இறங்கும்போது என்ன நினைத்தாரோ.

விடுதிக்கு அறுபது கோப்பை வேண்டும்.
"நீலம்" என்றார் மனேஜர் எமில்டன்.
"உப்புவெளிக்கு வாறவை கடலைக் குடிக்கத்தான் வாறவை."

நீலம் போத்தலுக்குள் நீலமாக இல்லை.
வயிற்றெரிவு மருந்துபோல் வெளிறிய ஊதா.
ஆயிரத்து இருநூறு பாகைக்குப் பிறகுதான்
தன் பெயரை ஒப்புக்கொள்ளும்.
அதுவரை மூடியில் ஒட்டிய சின்னச் சதுரத்தை நம்ப வேண்டும்.
சதுரம் வெள்ளைக் களியில் சுட்டது.
என் களி தம்பலகாமத்துச் சிவப்பு.
கம்பனிக்கு அதைத் தெரியாது.

ஆகவே முப்பத்தாறு வில்லை.
ஆணியால் கீறிய எண்கள்.
நிஸ்பா பூசினாள், நான் கொப்பியில் எழுதினேன்:
ஒரு பூச்சு, இரண்டு, மூன்று;
அடியில் வெண்களி உண்டு, இல்லை.

வெண்களி இல்லாத மஞ்சள் பொலிஸ் காக்கியாகியது.
பச்சை கொப்பளித்தது.
ரோசா எங்கோ போய்விட்டது, வெறும் பளபளப்பு மிச்சம்.
சிவப்பு, ஒரு பூச்சில் ஈரல்; மூன்று பூச்சில்
தேரன்று சனத்துக்குள் தொலைந்த பிள்ளையின் சட்டை.
நீலம் நன்றாகத்தான் வந்தது.
அதுதான் பிடிக்கவில்லை.
டச்சுக் குடா ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை.
கார்த்திகையில் அது தேயிலைச் சாயம்,
காலை ஆறு மணிக்கு மீன் வயிறு,
சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தோல்.

கஜவதனன் வந்தான், மட்டக்களப்பில் சிற்பம் படித்தவன்.
"கைவேலைக்குக் கடைக் கலரோ?
விறகுச் சாம்பலில செய்யலாமே,
மண் தன்ர நிறத்தில பேசும்."
உன் சட்டைக்கு நூல் நீயா நூற்றாய் என்று கேட்கவில்லை.
சாம்பல் நிறத்தை
நான் போதியளவு பார்த்தாயிற்று என்றும் சொல்லவில்லை.
பிளேன்ரீ கொடுத்தேன், அவனே செய்து தந்த சாம்பல் கோப்பையில்.
நல்ல கோப்பை. மேசையில் வைத்தால்
மேசையாகிவிடும்.

மிஞ்சியது முப்பதாம் வில்லை.
செம்மஞ்சள். வெண்களி, மூன்று பூச்சு.
வெயிலில் பிடித்தேன்.
கூச்சமேயில்லாமல் என்னைப் பார்த்தது.

லேபிளைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தேன்:
உணவுக்கு உகந்தது.
பிறகும் ஓர் இரவு தேசிக்காய்ச் சாற்றில் ஊறவிட்டேன்.
கம்பனியை நம்புவது வேறு,
இன்னொருவர் வாயில் வைக்கக் கொடுப்பது வேறு.
சாறும் மாறவில்லை, நிறமும் மாறவில்லை.

சூளை போட்ட அன்று இரவு
இரண்டு மணிக்குக் கரண்ட் நின்றது. பதினொரு நிமிடம்.
இருட்டில் நிஸ்பா ஓதினாள், நான் நிமிடம் எண்ணினேன்;
இரண்டில் எது வேலை செய்ததோ.

அறுபதில் நாலு, தட்டோடு ஒட்டிக்கொண்டன.
மற்றவற்றைச் சீமெந்துத் தரையில் பரப்பி வைத்திருக்கையில்
திருக்கடலூர்த் தவபாலன் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.
"என்ன பிள்ளை, மிதவையோ?"
"கோப்பை, அண்ணை."
ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து, கண்ணைச் சுருக்கி,
"சரிதான்" என்றார். "விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம்."

எமில்டனுக்கு இன்னும் சொல்லவில்லை.
பற்றுச்சீட்டில் 'கடல் நிறம், ஐம்பத்தாறு' என்று எழுதியிருக்கிறேன்.
பொய்யில்லை.
கடலில் அந்த நிறம் உண்டு,
அலையில் ஏறி இறங்கிக்கொண்டு,
கீழே ஒருவரின் வலை கிடக்கிறது
சுற்றிப் போ என்று சொல்லிக்கொண்டு.